அரைக் கொய்தா

எங்கள் சிஞ்சேவாடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பயல் ஆள் கணக்குச் சொல்லமாட்டான். "இருபத்தி மூணு கொய்தா" என்பான். கொய்தா என்றால் கரும்பு வெட்டும் அரிவாள். ஒரு புருஷனும் ஒரு பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு கொய்தா. கிழடுகளும் பிள்ளைகளும் கணக்கில் கிடையாது. கல்யாணம் ஆகாதவன் அரை. புருஷன் செத்தவளையும் அரை என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது சிரிப்பதற்காகச் சொல்வது.

ஒரு வருஷம் சர்க்காரிலிருந்து ஜனத்தொகை எடுக்க மாசி மாதத்தில் ஆள் வந்தாராம். மாசியில் இங்கே யார் இருக்கிறார்கள்? தீபாவளி முடிந்த கையோடு ஊரே டிராக்டரில் ஏறி சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடும், சித்திரை வெயிலில்தான் திரும்பும். வந்தவர் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, மாருதி கோயில் வாசலில் குந்தியிருந்த நொண்டி பண்டரியைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டதற்குப் பண்டரி "வீட்டு வேலை" என்று சொன்னானாம். திரும்பி வந்து இதைக் கேட்டபோது, என் உள்ளங்கைக் காய்ப்பு எவ்வளவு கெட்டி என்று அவன் கன்னத்துக்குத் தெரியப்படுத்தலாமா என்று யோசித்தேன். வயசில் மூத்தவன் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

என் பெயர் துவாரகா. வைஜிநாத்தின் கொய்தாவில் பாதி நான். இந்தக் கதை என்னுடையது அல்ல, சோஜருடையது. அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும், கூடவே சிரிப்பும் வரும்.

சோஜர் குள்ளம். குரல் மட்டும் ஆலைச் சங்கு. காலையில் கருக்கிய புகையிலைத் தூளால் பல் தேய்த்துக்கொண்டே தெருவில் போகிற வருகிறவனுக்கெல்லாம் ஒரு வார்த்தை கொடுப்பாள். அவள் புருஷன் ஹரிபா அதற்கு நேர்மாறு, பேசவே மாட்டான். அரிவாள் பிடியில் சிவப்புத் துணி சுற்றி வைத்திருப்பான், கை வழுக்காமல் இருக்க. இரண்டு பேரும் ஒரு சாலில் இறங்கினால் பார்க்க வேண்டும். அவன் அடிக்கட்டையோடு வெட்டிச் சாய்ப்பான், இவள் சோகை உரித்து, கொழுந்தாடையைக் கழித்து, கட்டுக் கட்டிவிட்டு அவனுக்கு முன்னால் போய் இரண்டு கரும்பை வெட்டிப் போட்டு "என்னய்யா, தூங்கறியா?" என்பாள். அவன் சிரிப்பான். கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு பலகை மேல் ஏறி லாரியில் போடுவதில் அவளை முந்த எங்கள் கூட்டத்தில் ஆண்பிள்ளை கிடையாது.

ஹரிபா செத்தது கால்வாய் வளைவில். கரும்பு ஏற்றிய டிரெய்லர் குடை சாய்ந்தது, மேலே அவன் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் முகாதம் திரிம்பக் அவள் குடிசை வாசலில் வந்து நின்றான். எங்களைச் சேர்த்து ஆலைக்கு ஓட்டிக்கொண்டு போகிற மேஸ்திரிதான் முகாதம். நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"உன் கொய்தா உடைஞ்சுபோச்சு சோஜரு" என்றான். "நாளைக்கு வண்டி வருது. சாமானைக் கட்டிக்க, ஊருக்குப் போயிரு."

"உடைஞ்சது அவரு. நான் இல்ல" என்றாள் சோஜர்.

"அரைக் கொய்தாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவ்வளவுதான் அவன் சொன்ன துக்கம். மறுநாள் அவளைப் பாத்திரம் பண்டத்தோடு ஏற்றி அனுப்பிவிட்டான். பதினைந்து வருஷம் அவனுக்குக் கரும்பு வெட்டியவள். அன்றைக்கு நான் வாயைத் திறந்து அவனைத் திட்டினேன். "உன் பொண்டாட்டிய அடக்கு" என்று என் புருஷனிடம் சொன்னான். வைஜிநாத் என்னை அடக்கினான். அவனுக்கு அடக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

ஊரில் சோஜருக்கு என்ன இருக்கிறது? எங்கள் மலைச்சரிவு நிலம் கல்லு. மழை பெய்தால் ஒரு போகம் கம்பு, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. கரும்புக்குப் போகாதவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவளுக்கு ரேணு என்று ஒரே பெண், எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் போலவே குள்ளம், அப்பாவைப் போலவே பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பித்தளைக் கோப்பையில்தான் அவர்கள் வீட்டில் உப்பு இருக்கும்.

அடுத்த வருஷம் தசராவுக்கு முன்னால் திரிம்பக் ஊருக்கு வந்தான், கொய்தா பேச. கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்தான். ஆண்கள் சுற்றி நின்றார்கள். நாங்கள் தண்ணீர்க் குடத்தோடு தள்ளி நின்றோம். சோஜர் மட்டும் நேராகப் போய்க் கட்டிலுக்கு எதிரில் நின்றாள். அவளுக்குப் பின்னால், புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு மந்தா.

மந்தாவின் புருஷன் புனேக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், இன்னொருத்தியோடு அங்கேயே குடும்பம் நடத்துகிறான். அவளும் அரை. சதா பயந்து சிரித்துக்கொண்டே இருப்பாள், ஆனால் வேலையில் மாடு.

"முகாதம், நானும் மந்தாவும் ஒரு கொய்தா. சேத்துக்குங்க" என்றாள் சோஜர்.

திரிம்பக் புகையிலையைத் துப்பினான். "ரெண்டு இடது கால் செருப்பைக் கொண்டாந்து ஜோடிங்கிறியே."

ஆண்கள் சிரித்தார்கள். என் புருஷன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

"நடக்குறது காலு முகாதம். செருப்பு இல்ல."

"லாரி வந்தா பாரம் ஏத்துறது யாரு? அது ஆம்பள வேலை."

"போன வருஷம் ராத்திரி லாரி வந்தப்ப இங்க நிக்கிற ஆம்பளைங்கள்ல எத்தனை பேரு காலு தரையில நின்னுச்சு? சொல்லட்டும். சாராயம் உள்ள போனா பலகை ரெண்டா தெரியும் இவங்களுக்கு. ஏத்துனது யாரு?"

நாங்கள் பெண்கள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டோம்.

"சரி, யாரு பேருல சேக்கிறது?" என்றான் திரிம்பக்.

"என் பேருல."

"பொம்பள பேருல கொய்தா கிடையாது. நாளைக்கு நீங்க ஓடிப்போனா நான் யாரைப் போயிப் பிடிக்கிறது?"

"ஓடிப்போனது மந்தா புருஷன். அந்த ஆம்பளையப் பிடிச்சீங்களா?"

இந்தத் தடவை நாங்கள் சிரித்தோம். திரிம்பக்கின் முகம் சுருங்கியது. ஆனால் அவன் பழம் தின்று கொட்டை போட்டவன். குரலை இறக்கி, அண்ணன் மாதிரி பேச ஆரம்பித்தான்.

"கோவிச்சுக்காத சோஜரு. உனக்கு நான் நல்ல வழி சொல்றேன். என் அக்கா பையன் கைலாஸ் தெரியுமில்ல? இருபத்தஞ்சு வயசாச்சு, கொய்தா இல்லாம சும்மா கிடக்கிறான். உன் பொண்ணு வளந்துட்டா. ரெண்டு அரையும் சேர்ந்தா ஒரு முழுசு ஆகுது. நீயும் அவங்க கூட வந்து சோறாக்கிப் போட்டுக்கிட்டு இரு. எனக்கும் ஹரிபா போன எடம் நிறையும்."

"என் பொண்ணு எட்டாவது படிக்குது."

"கரும்புக்கு எட்டாவது எதுக்கு?"

இதைக் கேட்டு ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகும்? ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். டிராக்டர் வருவதற்கு முந்தின வாரத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் மேளச் சத்தம் கேட்டால், யாருக்கோ கொய்தா சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு ஆலை வாசலிலேயே கல்யாணம் ஆனது. நான்கு கரும்பை நட்டுப் பந்தல் என்றார்கள். பதிமூன்று வயது. தாலி ஏறிய மறுநாள் காலையில் என் கையில் அரிவாளைக் கொடுத்துச் சாலில் இறக்கினார்கள். முதல் நாளே இடது கட்டை விரலை வெட்டிக்கொண்டேன். "கல்யாணப் பொண்ணு ரத்தம், கரும்பு இனிக்கும்" என்று சொல்லிச் சிரித்தான் அன்றைய முகாதம், இந்தத் திரிம்பக்கின் அப்பன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. போலீசில் சொல்லலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: அந்த விருந்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் காக்கிச் சட்டையும் இருந்தது.

சோஜர் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அவள் சொல்லை யார் கேட்டார்கள்? ஹரிபாவின் அண்ணன், அதே நொண்டி பண்டரி, பெரியப்பா என்கிற உரிமையில் திரிம்பக்கிடம் தலையாட்டிவிட்டான். ஆயுத பூஜையில் கைலாஸின் கொய்தாவை வைத்துவிடுவது, அதற்கு அடுத்த நாள் கல்யாண மஞ்சள் பூசுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். பெற்றவளுக்குச் சொன்னதே சாப்பாட்டுக்குக் கோதுமை வேண்டும் என்று கேட்கத்தான்.

எங்கள் ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். விடிந்ததும் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, ஒரு கொய்தாவுக்கு ஓர் அரிவாள் என்று வரிசையாக அடுக்குவார்கள். முகாதம் குளித்துவிட்டு வந்து, விரலில் மஞ்சளைத் தொட்டு ஒவ்வொரு அரிவாளிலும் வைத்துக்கொண்டே உரக்க எண்ணுவான். கடைசி எண்ணைச் சொன்னதும் தேங்காய் உடையும். உடைந்த பிறகு அந்த வருஷத்துக்குக் கொய்தாவைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மீறினால் மாருதி யாராவது ஒருத்தன் காலை எடுத்துக்கொள்வார். இது எங்கள் ஆண்களின் நம்பிக்கை. கரும்புக் காட்டில் கூட்டினாலும் குறைத்தாலும் வருஷா வருஷம் யார் காலாவது வெட்டுப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான் இதை ஒருமுறை சொல்லி, வாயில் அடி வாங்கியிருக்கிறேன்.

அன்று காலையில் கைலாஸைக் காணவில்லை. மாப்பிள்ளை ஆகப் போகிறவன் அல்லவா, தாலுகாவில் முடி வெட்டிக்கொள்ள இறங்கியிருக்கிறான், பஸ்ஸை விட்டுவிட்டான். திரிம்பக்குக்கு அது தெரியாது. நல்ல நேரம் போகிறது என்று குனிந்து எண்ணத் தொடங்கினான். அவன் கண் சாக்கை விட்டு நிமிரவில்லை. இரும்பைத்தான் பார்த்தான், சுற்றி நின்றவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்கவில்லை. மனுஷரை எண்ணிப் பழகியிருந்தால் தப்பித்திருப்பான்.

"இருபத்தி ரெண்டு. இருபத்தி மூணு." ஹரிபா போன இடத்தில் கைலாஸ் என்று அவன் போட்டிருந்த கணக்குச் சரியாக வந்தது. தேங்காயை ஓங்கி உடைத்தான். "மாருதிராயா, இருபத்தி மூணு கொய்தா, காப்பாத்து."

எல்லோரும் தேங்காய்த் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் கைலாஸ் ஓடி வந்தான். புது முடிவெட்டு, கழுத்தில் பவுடர், கையில் காகிதம் சுற்றிய புது அரிவாள்.

"மாமா, பஸ்ஸு போயிருச்சு" என்றான் மூச்சிறைக்க.

திரிம்பக் அவனையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தான். "உன்னுது கையில இருந்தா, இங்க இருக்கிறது யாரோடது?"

வரிசையின் கடைசியில், சாக்கு மடிப்பில் பாதி மறைந்து ஓர் அரிவாள் கிடந்தது. பிடியில் சிவப்புத் துணி. ஹரிபாவின் அரிவாளை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"என்னுது" என்றாள் சோஜர். "என்னுதும் மந்தாவுதும்."

"தாலியறுத்தவ பூஜையில ஆயுதம் வெக்கிறதா? தூக்கிப் போடுங்கடா அதை."

ஒருத்தனும் குனியவில்லை. அரிவாளில் மஞ்சள் ஈரமாக இருந்தது. பண்டரி தன் நொண்டிக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கடைசியில் என் புருஷன் வைஜிநாத்தான் பேசினான். "தேங்கா ஒடஞ்சு போச்சு முகாதம். இப்ப எடுத்தா யாரு காலு போகும்?"

"நீங்க எண்ணினது தானே முகாதம்" என்றாள் சோஜர், மரியாதையாக. "இருபத்தி மூணுன்னு நீங்கதான சொன்னீங்க. சாமிகிட்ட நான் சொல்லல."

கைலாஸ் அரிவாளைக் காகிதத்தில் மறுபடி சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனான். மஞ்சள் நடக்கவில்லை. தீபாவளி முடிந்து டிராக்டரில் ஏறியபோது, ரேணுவை மந்தாவின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள் சோஜர். தாலுகாவில் பெண்கள் விடுதி இருக்கிறதே என்று நான் சொன்னேன். "ஊரு பத்திரம் துவாரகாக்கா. பள்ளிக்கூடமும் பக்கம்" என்றாள். அவ்வளவு விவரமானவள், ஊரை நம்பினாள்.

ஆலைக் காட்டில் திரிம்பக் பழி தீர்த்தான். படுத்த கரும்பு, முள் மண்டிய ஓரம், வண்டி வராத மேட்டுச் சால் என்று எது மோசமோ அது அந்த இரண்டு பேருக்கு. காலையில் சால் பிரிக்கும்போது கொய்தா கொய்தாவாகப் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். இவர்களுக்குக் கூப்பிடப் பெயர் இல்லை என்று செத்தவனின் பெயரைக் கூப்பிட்டான்.

"ஹரிபா!"

முதல் நாள் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"ஹரிபா வரல முகாதம்" என்றாள் சோஜர். "சோஜர் வந்திருக்கேன்."

தினமும் இதேதான். அவனும் விடவில்லை, அவளும் விடவில்லை. மந்தா முதல் வாரம் பலகையில் ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். பின்னால் கட்டைச் சுமந்துகொண்டு சோஜர், "ஏறுடி, கீழ விழுந்தா என் மேலதான் விழுவ, நான் குண்டாத்தான் இருக்கேன்" என்பாள். மந்தா சிரித்துக்கொண்டே ஏறிவிடுவாள். மார்கழி வரும்போது அவர்கள் ஏற்றிய டிரெய்லரில் யாரும் குறை சொல்ல முடியவில்லை. என் புருஷனும் நானும் ஏற்றியதைவிட அது நன்றாகவே இருந்தது. நான் அதைச் சொன்னேன். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது.

தை பிறந்து சில நாள். காலையில் எல்லோரும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஆலை லாரி காலியாக வந்து வரப்போரம் நின்றிருந்தது. அதன் பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. முதலில் கைலாஸ் குதித்தான், நெற்றியில் குங்குமம். அப்புறம் ஒரு பெண் இறங்கினாள். புடவை கால் தடுக்கியது. முழங்கை வரை பச்சை வளையல், கையில் மஞ்சள் இன்னும் போகவில்லை. கழுத்தில் புதுக் கருகமணித் தாலி. காலில் மட்டும் பள்ளிக்கூடத்துச் செருப்பு.

ரேணு.

சோஜர் தீட்டுக்கல்லை மெதுவாகக் கீழே வைத்தாள். ரேணு அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"நீ வரச் சொன்னேன்னு பெரியப்பா சொன்னாரு. நீதான் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லி விட்டியாம்மா?"

இதைச் சொல்லும்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. நம்பிப் போயிருக்கிறது அந்தப் பிள்ளை. அம்மா சொன்னாள் என்றால் கழுத்தை நீட்டியிருக்கிறது. கோயில் வாசலில் குந்தியிருந்துகொண்டு இத்தனை பெரிய பொய்யைச் சொல்ல அந்தப் பண்டரிக்கு நாக்கு எப்படி வந்தது? மந்தாவின் அம்மா கிழவி, தடுக்கப் போனவளைத் தள்ளிவிட்டு ரேணுவைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சோஜர் கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் கத்தவில்லை. ரேணுவைப் பார்த்துத் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டிவிட்டு, திரிம்பக்கிடம் போனாள்.

"இது எத்தனாவது கொய்தா முகாதம்?"

திரிம்பக் இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. எண்ணைக் கேட்டால் சொல்லிவிடுவது அவன் ரத்தத்தில் ஊறியது. "இருபத்தி நாலு" என்றான். "ஆலையில இன்னும் ஆள் வேணும்னாங்க. நல்லதுதானே, பொண்ணும் உன் கண்ணு முன்னாடி இருக்கும்."

சோஜர் ஆண்கள் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவள் குரலில் ஆலைச் சங்கு ஊதியது.

"கேட்டீங்களா? இருபத்தி நாலாம். தேங்கா ஒடச்சது எத்தனைக்கு? வைஜிநாத் அண்ணே, நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க. எத்தனைக்கு?"

என் புருஷன் முகம் வெளுத்தது. "இருபத்தி மூணு" என்றான்.

"ஒண்ணு கூடிருச்சு. இன்னிக்கு யாரு காலு?"

வைஜிநாத் குனிந்து அரிவாளைத் தரையில் வைத்தான். அடுத்தவன் வைத்தான். அதற்கு அடுத்தவன். வரிசையாக வைத்துவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார்கள், காலைப் பத்திரமாகப் புட்டத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு. திரிம்பக் கெஞ்சினான், திட்டினான், இங்கேயே இன்னொரு தேங்காய் உடைக்கிறேன் என்றான். அது அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் முடியும் என்றார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

எனக்கு அந்த நிமிஷம் திரிம்பக்கைவிட இவர்கள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வண்டியிலிருந்து மஞ்சள் பூசிய குழந்தை ஒன்று இறங்கி நிற்கிறது. எல்லோருக்கும் பெண் இருக்கிறது. ஒருத்தன் எழுந்து இது அநியாயம் என்று சொல்லவில்லை. ஒரு தேங்காய்க்கு உட்காருகிறார்கள். ஹரிபாவோடு ஒரே தட்டில் ரொட்டி பிட்டுத் தின்றவர்கள். ஆனால் சோஜருக்கு இது தெரியும். இவர்களை அவள் என்னைவிட நன்றாக அளந்து வைத்திருந்தாள். அதனால்தான் அவள் அநியாயம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

கைலாஸின் இடுப்பிலிருந்து அந்தப் புது அரிவாளை உருவினாள். அவன் தடுக்கவில்லை, மாமாவைப் பார்த்தான். மாமா லாரியைப் பார்த்தான். சோஜர் ரேணுவின் கழுத்துக்கும் கருகமணிக்கும் நடுவில் தன் இரண்டு விரலைக் கொடுத்து, கழுத்தில் படாமல் சரட்டை அறுத்தாள். மணிகள் சோகையில் விழுந்து காணாமல் போயின. மந்தா ஓடிவந்து குழந்தையை அணைத்துக்கொண்டாள். சோஜர் அரிவாளை டிரெய்லரின் இரும்புக் கொக்கியில் மாட்டி, பிடியை உடம்பு பலம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள். படீரென்று முறிந்தது.

இரண்டு துண்டையும் திரிம்பக்கின் காலடியில் போட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனை நீ என்றாள்.

"கொய்தா உடைஞ்சுபோச்சு முகாதம். ஒண்ணு குறைச்சு எண்ணிக்க நீ."

அவன் உதடு அசைந்தது. நான் பார்த்தேன், நிஜமாகவே எண்ணினான்.

ஆண்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலச் சாலில் இறங்கத் தயாரானார்கள். சோஜரும் மந்தாவும் இறங்கித்தான் ஆகவேண்டும். அவர்கள் நின்றால் அந்தக் கொய்தாவையும் உடைந்தது என்று சொல்லிவிடுவான். ரேணு வரப்பில் தனியாக நின்றாள். கைலாஸ் இன்னும் போகவில்லை, டிராக்டர் நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் என் அரிவாளை வைஜிநாத்தின் காலுக்குப் பக்கத்தில் எறிந்தேன். துள்ளி விலகினான்.

"எங்கடி போற?"

"தாலுகாவுக்கு. விடுதியில இவளைச் சேத்துட்டு வரேன்."

"சால் என்ன ஆகறது? நான் ஒத்தையா என்ன பண்றது?"

"வீட்டு வேலைக்காரி ஒருத்தி இல்லாட்டி என்ன ஆயிடப் போகுது உனக்கு?"

ரேணுவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தேன். வளையல்களை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி வரப்பில் போட்டுக்கொண்டே வந்தாள். பின்னால் திரிம்பக் சால் பிரிக்கும் சத்தம் கேட்டது. ஹரிபா என்று அவன் கூப்பிட, சோஜர் வந்திருக்கேன் என்று அவள் சொன்னாள். அப்புறம் வைஜிநாத் என்று கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். என் புருஷன் ஊருக்கே கேட்கும்படி வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது:

"அரைதான் இருக்கேன் முகாதம்."